வலப்பக்கத்து உறை

வலக்கைக்காரன் வாளை வலப்பக்கம் கட்டுவான் என்று இந்த நாட்டில் பெரும்பாலோர் நம்புகிறார்கள் சார். படித்தவர்கள் நம்புகிறார்கள். நாடகக்காரர்கள் நம்புகிறார்கள். முச்சந்தியில் சிலை வைக்கிறவர்களிலும் சிலர் நம்புகிறார்கள். இப்போது வாசலில் நின்றபடி, "இங்கே தொங்குமே, அந்த உறை" என்று நீங்களும் வலது இடுப்பைத்தான் தட்டிக் காட்டினீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நிற்பவரைத் திருத்துவது மரியாதை இல்லை. உட்கார வைத்துத்தான் திருத்துவேன். உட்காருங்கள்.

அது தவறு. சாதாரணத் தவறு இல்லை, சாம்ராஜ்யங்களைக் கவிழ்க்கக்கூடிய தவறு. வாள் இரண்டரை அடி நீளம். அதை வலது இடுப்பிலிருந்து வலக்கையால் உருவிப் பாருங்கள். முழங்கை காதுக்கு மேலே போய்விடும், வாள்நுனி உறைக்குள்ளேயே இருக்கும். அதற்குள் எதிரி வந்து, வேலையை முடித்து, வீட்டுக்குப் போய்க் கால் கழுவியிருப்பான். வாளைக் குறுக்கே இழுக்க வேண்டும். வலக்கைக்காரனுக்கு உறை இடப்பக்கம். இடக்கைக்காரனுக்கு வலப்பக்கம். இதை ஒரு தடவைதான் சொல்வேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனை உள்ளே வையுங்கள் சார். படத்தைப் பார்த்து நான் உறை செய்வதில்லை. வாளைக் கொண்டுவாருங்கள், அல்லது வாள் இருக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப் போங்கள். ஏன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன், பசை காய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

என் பெயர் யேசுபாதம். பெரியமேட்டில் இந்தச் சந்துக்குள் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். பெல்ட், பை, செருப்பு எல்லாம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். நான் வாளுறை மட்டும். இதில் பிழைக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடிகிறது. வெளிநாடுகளில் வக்கீல்களும் வங்கிக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமையானால் பழைய காலத்துப் போர்வீரர் உடையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் வெட்டிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை ஒழுங்காக ஆபீஸ் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு உறை வேண்டும். உறை மட்டும் சரித்திரப்படி இல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. நல்ல மனிதர்கள்.

அப்படி ஒருவர் போலந்திலிருந்து படம் அனுப்பினார். வாளை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். சரி, இடக்கைக்காரர் என்று வலப்பக்கத்துக்கு உறை செய்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'அருமையான வேலை. நான் வலக்கைக்காரன். கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படம் அது. பரவாயில்லை, இடக்கையால் பழகிக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து படத்தில் ஓர் ஆணைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டைப் பொத்தானைப் பார்ப்பேன். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வரும். வலப்பக்கம் மேலே வந்தால் படம் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். என் தங்கை மகள் கல்யாண ஆல்பத்தில் மட்டும் நான்கு படம் புரண்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னேன். சம்பந்தி வீட்டார் முன்னிலையில்தான் சொன்னேன், அவர்களுக்கும் தெரிய வேண்டுமில்லையா. மற்றபடி நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

போன தை மாதம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே முக்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வயது அறுபத்தேழு. வெள்ளை வேட்டி, நல்ல உயரம். ராஜபாளையத்துக்குத் தெற்கே நல்லமாங்குறிச்சி என்று ஓர் ஊர், அங்கே பழைய ஜமீன் குடும்பம். பெயர் கோட்டைச்சாமித் துரை. துரை என்பது பட்டம். ஊரில் எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள், டீக்கடைக்காரர் உட்பட. 'துரைக்கு ஒரு டீ, சக்கரை கம்மி.'

அவர்கள் வீட்டில் ஒரு வாள் இருக்கிறது. அவருடைய பாட்டனாருக்குத் தகப்பனார் வீரப்பர் என்பவருடையது. செல்லியம்மன் கோயில் வாசலில் கொள்ளைக்காரர்கள் வந்தபோது, வீரப்பர் தனியாளாக நின்று, இடக்கையால் வாளை உருவி விரட்டினாராம். இடக்கை வீரப்பர் என்றே பெயர். அதனால் பங்குனித் திருவிழாவில் முதல் மரியாதை அந்தக் குடும்பத்துக்கு. குடும்பத்தில் மூத்த இடக்கைக்காரர் ஒருவர் வாளைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். கோயிலுக்குள் தோல் போகக் கூடாது, உங்களுக்குத் தெரியும். ஆகவே வாசற்படியில் நின்று, ஊர் பார்க்க, இடக்கையால் வாளை உருவி, உறையை வெளியே வைத்துவிட்டு, வாளை மட்டும் அம்மன் முன்னால் கொண்டுபோக வேண்டும்.

மற்ற வீடுகளில் குழந்தை இடக்கையை நீட்டினால் அடிப்பார்கள். இந்த வீட்டில் வலக்கையை நீட்டினால் அடி. குடும்பத்தில் ஓர் இடக்கைக்காரர் இல்லாமல் போனால் மரியாதை போய்விடுமே. அப்படி வளர்க்கப்பட்டவர்தான் துரை. முப்பது வருடமாக வாளை உருவுகிறார். அத்தனை வருடமும் ஒரே பழைய உறை. அது வாய் பிளந்து, வாள் தானாக நழுவி வெளியே வரும் நிலையில் இருந்தது, அவருக்கும் வசதியாக இருந்தது. போன வருடம் இவர் உருவியபோது தையல் விட்டுப்போய், பாதி உறையும் வாள்நுனியில் அகப்பை மாதிரி தொங்கிக்கொண்டு வந்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு பெண், "பெரியப்பா, குழம்பு ஊத்தப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தப் பெண் ஆவுடை. துரையின் சித்தப்பா பேத்தி, ராஜபாளையத்தில் பல் டாக்டர். யாரும் பழக்காமலே பிறவியிலேயே இடக்கைக்காரி. இடக்கைதானே கணக்கு, அடுத்த முறை நான் எடுக்கிறேன் என்று பங்காளிகள் கூட்டத்தில் கேட்டாள். பெண் எப்படி எடுப்பது என்று சிலர் ஆரம்பித்தார்கள். அம்மன் ஆணா என்று கேட்டாளாம். அவர்களில் பாதிப் பேருக்குப் பல் பார்த்தவள் அவள். வாயைத் திறந்து எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் முடிவு இப்படி ஆயிற்று: இந்தப் பங்குனியில் துரை ஒரே இழுப்பில் உருவினால் அவர் காலம் வரைக்கும் அவருக்கே. திணறினால் ஆவுடைக்கு.

அதனால்தான் புது உறை கேட்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டார்.

"கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா நல்லது மேஸ்திரி."

நான் தோல் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். வாளுறை என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினேன். உங்களுக்கும் சொல்கிறேன். உறை தோல் இல்லை, உள்ளே மரம். குமிழ் மரத்தில் இரண்டு சட்டம் எடுத்து, வாளின் வடிவத்துக்குக் குடைந்து ஒட்ட வேண்டும். உள்ளே மெல்லிய கம்பளித் துணி. மேலே ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோலை ஈரத்தோடு இழுத்துப் போர்த்தி, உடம்பை ஒட்டும் பக்கத்தில் தைக்க வேண்டும். காயக் காய அது இறுகிக்கொள்ளும். வாயில் ஒரு பித்தளைப் பூண், அடியில் ஒரு பூண், கட்டித் தொங்கவிட வளையங்கள். முடிந்ததும் வாளைச் செருகித் தலைகீழாகப் பிடித்து உதறுவேன். விழக் கூடாது. பிறகு வாய்ப்பூணைக் கட்டைவிரலால் தள்ளி, கையால் இழுத்தால் நெய்யில் கத்தி போல வர வேண்டும். சத்தமே வராது. சினிமாவில் சர்ரென்று வருமே, அந்தச் சத்தம் வந்தால் அந்த உறையைச் செய்தவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும். தொளதொள உறை வேண்டுமானால் தலையணை உறை விற்கிற இடம் மூர் மார்க்கெட் பக்கம் இருக்கிறது என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அப்ப உம்ம இஷ்டம்" என்றார். அந்தச் சிரிப்பில் பாதி அழுகை இருந்தது என்று பிறகு தோன்றியது. அப்போது எனக்கு அவருடைய கையெழுத்தைப் பார்ப்பதில் கவனம். ஆர்டர் புத்தகத்தில் இடக்கையால் பெயர் எழுதினார். கோழி நடந்த மாதிரி இருந்தது. 'துரை, இந்த 'கோ'வுக்குச் சுழி கிடையாதா' என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மாசியில் அளவெடுக்க நல்லமாங்குறிச்சிக்குப் போனேன். அரண்மனை என்று சொன்னார்கள். பெரிய வீடு. கூடத்தில் வாள், அதற்கு மேலே வீரப்பரின் புகைப்படம், சந்தனப்பொட்டு வைத்து. மதுரையில் ஏதோ ஸ்டூடியோவில் எடுத்தது, நூற்று நாற்பது வருடம் இருக்கும். கோட்டும் தலைப்பாகையும் போட்டு, வலது இடுப்பில் வாளோடு நிற்கிறார். வலது இடுப்பு என்றால் இடக்கைக்காரர். எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நான் பொத்தானைப் பார்த்தேன்.

வலப்பக்கத் துணி மேலே இருந்தது.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. ஒரு சாட்சியை வைத்து நான் யாரையும் தூக்கில் போடுவதில்லை. வாளைக் கையில் எடுத்தேன். பிடியை மூடி வளைந்து வருகிற பித்தளைக் காப்பில் ஒரு பக்கம் மட்டும் ஒரு சொட்டை, அடிபட்டு நசுங்கிய பள்ளம். புளியங்கொட்டை அளவு. படத்திலும் அந்தச் சொட்டை பளிச்சென்று தெரிந்தது. வாளை என் வலது இடுப்பில், படத்தில் இருப்பது போல வைத்துப் பார்த்தேன். சொட்டை உள்பக்கம் போய் வேட்டியில் மறைந்துவிட்டது. இடது இடுப்பில் வைத்தேன். சொட்டை வெளியே வந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. முடிந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பார்கள். அச்சுப் போடும்போது ஸ்டூடியோக்காரன் தகட்டைப் புரட்டி வைத்துவிட்டான். வீரப்பர் வலக்கைக்காரர். அவரை நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு, படம் மட்டும் இருந்து பேசியிருக்கிறது. படம் சொன்ன இடக்கையைக் கதை பிடித்துக்கொண்டது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. துரைக்காகத்தான் சொல்கிறேன். பாவம், முப்பது வருடமாக வராத கையால் உருவிக்கொண்டிருக்கிறாரே. அவரைக் கூடத்திலேயே உட்கார வைத்து, பொத்தானையும் சொட்டையையும் காட்டி, போலந்துக்காரரிலிருந்து ஆரம்பித்து முறையாக விளக்கினேன். முக்கால் மணி நேரம். இடையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல கேட்பவர் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் அவர் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் இந்தக் கையத் தூணோட சேத்துக் கட்டிருவாரு எங்கய்யா. அவுத்துவிடுறது சாப்பாட்டுக்கு மட்டுந்தான். எட்டாம் வகுப்புல மூணு தடவை பெயிலானேன், எழுதினது யாருக்கும் புரியல."

நான், எட்டாம் வகுப்பில் அப்போது பெயிலாக்கும் முறை இருந்ததா என்று கேட்கலாமா என யோசித்தேன். கேட்கவில்லை.

பிறகு அவர் ஒன்று சொன்னார். இந்தப் படத்து விஷயத்தை நான் வெளியே விடக் கூடாதாம். விட்டால், இத்தனை வருடம் அவர் பட்டது ஒன்றுமில்லை என்றாகிவிடும். அது கூடப் பரவாயில்லை. "முப்பத்தெட்டுப் பங்காளி மேஸ்திரி. பீச்சாங்கை யாருக்கும் வரலன்னுதான் சும்மா இருக்கானுக. சோத்துக்கைதான்னு தெரிஞ்சா, அத்தனை பேருக்கும் அது நல்லாத்தான் இருக்கு."

என் வாயிலிருந்து ஒரு சொல் வராது என்று வேதத்தின் மேல் சத்தியம் செய்தேன். வரவில்லை. இன்றுவரை அந்த ஊரில் யாரிடமும் நான் வாயைத் திறந்து சொன்னதில்லை. வலப்பக்கத்துக்கே உறை செய்யச் சொன்னார். செய்தேன். வீரப்பரின் ஆவி என்னை மன்னிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே தைத்தேன்.

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது உறையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைகீழாக உதறிக் காட்டினேன். விழவில்லை. கட்டைவிரல் வைக்கிற வித்தையையும் சொல்லிக்கொடுத்தேன். இடக்கையால் முயன்றார், கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பழகிவிடும் துரை, பழகிவிடும் என்றேன்.

உறையோடு சீட்டும் கொடுத்தேன். சீட்டு இல்லாமல் என் கடையிலிருந்து எந்த உறையும் போனதில்லை. நான்கு பக்கம், நானே டைப் செய்வது. முதல் பக்கம் பராமரிப்பு: மழையில் நனைக்காதே, வாளை வருடம் முழுக்க உறைக்குள்ளேயே வைக்காதே, தோலில் ஏறிய பட்டையின் துவர்ப்பு இரும்பை அரிக்கும், எண்ணெய் தடவு. மற்ற மூன்று பக்கமும் அந்த வாளின் சரித்திரம், நான் கண்டுபிடித்தவை, ஆதாரங்கள், அடிக்குறிப்புகள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அதுதான் உயிர். நம் ஊரில் யாரும் படிப்பதில்லை. துரையின் சீட்டிலும் பொத்தான், சொட்டை, கண்ணாடித் தகடு எல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன். எப்படி எழுதலாம் என்று நீங்கள் பார்க்கிற பார்வை புரிகிறது. வாயைத் திறப்பதில்லை என்றுதான் சத்தியம். சீட்டு வாய் இல்லையே. ஆதாரத்தை மறைத்துச் சீட்டு எழுதினால் பிறகு சீட்டுக்கு என்ன மதிப்பு?

துரைக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் ஆவுடை புது உறையைப் பார்க்க வந்திருக்கிறாள். எதிரியின் ஆயுதத்தைப் பார்த்து வைக்க வேண்டாமா. இவர் சீட்டை அவள் கையிலேயே கொடுத்து, மேஸ்திரி என்னவோ எழுதியிருக்கிறார், படித்துச் சொல்லு என்றிருக்கிறார். அவள் நின்றபடியே நான்கு பக்கமும் படித்தாள். ஒரு தடவை நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். சீட்டை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் போடணுமாம் பெரியப்பா" என்றாள்.

இதெல்லாம் அவளே பிற்பாடு சொன்னது. நான்கு பக்கத்தை இரண்டு வார்த்தையாக்கிவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. வீரப்பர் வலக்கைக்காரர் என்றால் அவளுடைய இடக்கைக்கும் மதிப்பில்லை. துரைக்குப் போவது அவளுக்கும் போகும்.

இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பன்னிரண்டு நாளும் துரை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாடியறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொள்வாராம். பயிற்சி எடுக்கிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். ஒரு நாள் இவள் சாவித்துவாரத்தில் எட்டிப் பார்த்திருக்கிறாள். டாக்டர், படித்த பெண், எட்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே துரை உறையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் வாளை உருவுகிறார், செருகுகிறார், மறுபடி உருவுகிறார். அறுபத்தேழு வயதில் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது என்றாள்.

திருவிழாவன்று நானும் போயிருந்தேன். செய்தவன் இருக்க வேண்டும் என்று துரை கூப்பிட்டிருந்தார். நான் வேதக்காரன், உள்ளே போகிற பேச்சே இல்லை. உறைக்கும் அனுமதி இல்லை, எனக்கும் வேலை இல்லை. இரண்டு பேரும் வெளியே நிற்பதாக ஏற்பாடு.

காலை பத்து மணி. மேளம் நின்றது. துரை வாசற்படியில் நின்றார். புது உறை வலது இடுப்பில். என் வேலையை நானே சொல்லக் கூடாது, ஆனால் வெயிலில் அந்தப் பூண் மின்னியதைப் பார்த்து இரண்டு பேர் கும்பிட்டார்கள். இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இறுக்கம் சரியாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். மறுபடி இழுத்தார். கட்டைவிரல் வழுக்கியது. பங்காளிகள் பக்கம் ஓர் இருமல். அதற்குப் பதில் இருமல். ஆவுடை முன்வரிசையில் நின்றாள். பட்டுப்புடவை, தோளில் கைப்பை.

துரை கண்ணை மூடினார். உறையை இடுப்பிலிருந்து கழற்றி இடக்கையில் பிடித்தார். வலக்கை தானாகப் போன மாதிரி போயிற்று. ஒரே இழுப்பு. சத்தமே இல்லை. வாள் வெயிலில் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் என் உறையிலிருந்து அப்படி ஒரு வாள் வந்து நான் பார்த்ததில்லை.

பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் முன்னால் வந்தார். சோத்துக்கையால் உருவி மரபை முறித்தாயிற்று, இந்தக் கையோடு வாள் உள்ளே போகக் கூடாது, இனி எந்தக் காலத்திலும் கோட்டைச்சாமி இதைத் தொடவும் கூடாது, வாளை ஆவுடையிடம் கொடு என்றார். ஆமாம் ஆமாம் என்று நான்கைந்து பேர். துரை வாளைத் தாழ்த்தவில்லை.

ஆவுடை சும்மா நின்றிருந்தால் போதும் சார். கையை நீட்டினால் வாள் அவளுக்கு. அவள் இடக்கை மேலே வந்தது. வந்த கை கைப்பையைத் திறந்தது.

என் சீட்டை எடுத்து விரித்தாள். இரண்டாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் என் சீட்டை ஒருவர் உரக்கப் படித்து நான் கேட்டதே இல்லை. ஊர் முழுக்க நிற்கிறது, மேளக்காரர் உட்பட. பொத்தான் வந்தது. சொட்டை வந்தது. கண்ணாடித் தகடு வந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். நல்ல குரல். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஓர் அடிக்குறிப்பை மட்டும் விட்டுவிட்டாள். ஐரோப்பியக் கோட்டுகளில் பொத்தான் பக்கம் மாறியதற்குச் சொல்லப்படும் மூன்று காரணங்கள் அதில் இருந்தன. நான் கையைத் தூக்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

படித்து முடித்ததும், "வீரப்பர் உருவுன கையாலதான் பெரியப்பா உருவியிருக்காரு. சந்தேகம் இருந்தா வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

போனார்கள். படத்தைக் கழற்றிக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்தார்கள். துரை வாளைக் கையில் இருந்து விடாமல் நிற்க, முப்பத்தெட்டுப் பேரும் வரிசையில் வந்து சொட்டையைத் தடவிப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் கடைசியாக வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வழிவிட்டார். துரை உறையை என்னிடம் நீட்டிவிட்டு, வலக்கையில் வாளோடு உள்ளே போனார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

நான் உறையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். ஆவுடை பக்கத்தில் வந்தாள். ஏனம்மா அந்த அடிக்குறிப்பை விட்டுவிட்டாய் என்று கேட்டேன். அவள் துரை போன பக்கம் கையைக் காட்டினாள்.

"அவரு கையப் பாத்தீங்களா சார்? நான் தினம் பத்துப் பல்லு புடுங்குறேன். எனக்கு இந்தக் கையால உருவ வேற இடம் இருக்கு. அவருக்கு அந்தக் கையால இது ஒண்ணுதான்."

அது சரி, ஆனால் அடிக்குறிப்பு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். யாருக்கோ கடைவாய்ப்பல் வலி என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

துரை வெளியே வந்து, வாளைத் துடைத்து, நான் பிடித்திருந்த உறைக்குள் அவரே செருகினார். பிறகு என் தோளில் வலக்கையை வைத்து, "மேஸ்திரி, உம்ம மாதிரி வாயைக் கட்டின ஆளை நான் பாத்ததில்ல" என்றார். அவர் வாயாலேயே சொன்னார் சார். கண்ணெல்லாம் சிரிப்பு. ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

பசை காய்ந்திருக்கும். உங்கள் வாளை அடுத்த வாரம் கொண்டுவாருங்கள். ஆனால் உறை ஆவணிக்கு முன்னால் கிடைக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். திருவிழா முடிந்த மறுவாரத்திலிருந்து நல்லமாங்குறிச்சியிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்கிறார்கள். இதுவரை ஒன்பது வீட்டுக்கு ஒன்பது உறை. எல்லாம் இடப்பக்கத்துக்கு. வாள் அந்த ஒன்றுதான்.